ஸ்டெப்னி இருந்தால் மட்டும் போதுமா?

ஆரணிப் பட்டுச் சேலையில் மாங்காயும் மயிலும் அன்னமும் எங்கிருந்து வருகின்றன?

தறியிலிருந்து என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. தறிக்கு வருவதற்கு முன்பே மயிலுக்கு உருவம் வந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் கட்டம் போட்ட தாளில் மயிலை வரைவார்கள். கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்புவார்கள். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. ஒவ்வொரு முறை நாடா ஓடும்போதும் ஓர் அட்டை திரும்பும். ஒரு மயில் முழுதாக வெளியே வர நூற்றுக்கணக்கான அட்டை வேண்டும்.

இப்போது பட்டு நெய்யும் ஊர்களில் மயிலைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். கம்ப்யூட்டர் சொல்கிறபடி எந்திரம் அட்டையில் துளை போடுகிறது. சில தறிகளில் அட்டையே இல்லை. மின்சார ஜக்கார்டு நேராகக் கம்ப்யூட்டர் கோப்பைப் படித்து நூலைத் தூக்குகிறது.

அப்படியானால் மயில் குடியிருக்கும் வீடு எது? கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்!

கையளவு பெட்டி அது. பல வருஷ உழைப்பு அதற்குள் இருக்கிறது. டிசைன் மட்டுமா? நெசவாளிக்குக் கொடுத்த பாவு, ஊடை, ஜரிகைக் கணக்கு. கூலிக் கணக்கு. கல்யாணத்துக்குச் சேலை சொல்லிவிட்டுப் போனவர்களின் பட்டியல். எல்லாம் அங்கேதான்.

அந்த டிஸ்க் ஒரு நாள் நின்றுவிடும். நிற்குமா, நிற்காதா என்ற கேள்வியே இல்லை. என்றைக்கு என்பதுதான் கேள்வி. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013 முதல் தன் கணக்கை வெளியிட்டு வருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை டிஸ்க் செத்துப்போகிறது என்று அந்தக் கணக்கு காட்டுகிறது. குறைவுதானே என்று தோன்றும். அந்த ஒன்று உங்கள் கடையில் இருந்தால்?

டிசைன் போனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். முகூர்த்த நாள் மட்டும் நிற்காது.

நான்காம் சீட்டு

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு டிஸ்க்கை நம்பாதே, பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டு என்றார்கள். அது எப்படி வேலை செய்கிறது? கூட்டல் தெரிந்தால் போதும், புரிந்துவிடும்.

மூன்று நெசவாளர்கள். ஒருவர் 7 சேலை கொடுத்தார். ஒருவர் 5. இன்னொருவர் 8. மூன்று எண்களையும் மூன்று சீட்டில் எழுதுங்கள். நான்காம் சீட்டில் மொத்தத்தை எழுதுங்கள்: 20.

இப்போது 5 என்று எழுதிய சீட்டு காற்றில் பறந்துவிட்டது. கவலை உண்டா? இல்லை. 20-ல் 7 போக, 8 போக, மிச்சம் 5. போன சீட்டு திரும்பி வந்துவிட்டது!

சீட்டுக்குப் பதிலாக டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டிஸ்க்கில் தகவல். நான்காவதில் மொத்தம். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதை மீட்டுக் கொடுக்கும். எந்திரம் கூட்டலுக்குப் பதில் ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்குப் போடுகிறது. சங்கதி ஒன்றுதான்.

இரண்டு சீட்டு ஒரே சமயத்தில் பறந்தால்? நான்காம் சீட்டு மட்டும் போதாது. ஐந்தாம் சீட்டு ஒன்று வேண்டும். அதில் வேறு வகைக் கணக்கு எழுத வேண்டும். முதல் எண்ணை ஒன்றால் பெருக்கு. இரண்டாவதை இரண்டால் பெருக்கு. மூன்றாவதை மூன்றால் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டு. 7, 10, 24. ஆக 41.

இப்போது 7-ம் 5-ம் காணவில்லை. கையில் இருப்பது 8, 20, 41. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலை எடுங்கள்! 20-ல் 8 போனால் 12. அது காணாமல் போன இரண்டின் கூட்டல். 41-ல் 24 போனால் 17. அது முதல் எண்ணும், இரண்டாம் எண்ணின் இரு மடங்கும் சேர்ந்தது. 17-ல் 12 போனால் 5. அதுதான் இரண்டாம் எண். முதல் எண் 7.

இரண்டு டிஸ்க் ஒன்றாகச் செத்தாலும் தகவல் பிழைக்கிறது. இவ்வளவுதான் இந்த வித்தை.

ரெய்டு வந்தது

வித்தை எளிது. அதற்கு வைத்த பெயர்தான் வம்பு.

1988-ம் ஆண்டு அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்தால், விலை உயர்ந்த பெரிய டிஸ்க்கை வெல்லலாம் என்று காட்டினார்கள். அந்த ஏற்பாட்டுக்கு "ரெய்டு" என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. வருமான வரிக்காரர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் "உங்கள் கடைக்கு ரெய்டு போடலாமா?" என்று கம்ப்யூட்டர்க்காரர் கேட்டால் ஜவுளிக்காரர் ஒரு நிமிஷம் திடுக்கிடத்தான் செய்வார்!

அந்தப் பெயரில் ஒரு சொல் "மலிவான" என்பதைக் குறித்தது. டிஸ்க் பெட்டி விற்கும் கம்பெனிகளுக்கு அது பிடிக்கவில்லை. மலிவு என்று சொல்லி அதிக விலைக்கு விற்க முடியுமா? "தனித்தனியான" என்று பொருள் தரும் சொல்லாக மாற்றிக்கொண்டார்கள்.

பெயருக்குப் பின்னால் எண் வந்தது. மூவரும் 1 முதல் 5 வரை ஐந்து வகை சொன்னார்கள். பிறகு வந்தவர்கள் 0, 6, 10 என்று சேர்த்தார்கள்.

எண் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெருக்கல் வாய்ப்பாடு படித்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? உண்மை அதுவல்ல. ரெய்டு 1 என்றால் ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது. அதில் ஒன்று போனால் தாங்கும். ரெய்டு 5 என்றால் மேலே சொன்ன மொத்தம் போடும் கணக்கு. அதிலும் ஒன்று போனால்தான் தாங்கும். ஐந்து அல்ல! ரெய்டு 6 இரண்டைத் தாங்கும். ரெய்டு 10 என்பது பத்தே அல்ல. ஒன்றும் சைபரும் சேர்ந்தது.

சைபர்தான் எல்லாவற்றிலும் மோசம். ரெய்டு 0 தகவலைத் துண்டு துண்டாக்கி எல்லா டிஸ்க்கிலும் பரப்பும். வேகம் உண்டு. பாதுகாப்பு கிடையாது. ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. காப்பாற்றும் ஏற்பாட்டின் பெயரைக் காப்பாற்றாத ஏற்பாட்டுக்கும் வைத்துவிட்டார்கள். தாவணியை எடுத்துக் காட்டிப் பட்டுச் சேலை என்றால் ஆரணி மார்க்கெட்டில் விடுவார்களா?

வேடிக்கை இன்னும் இருக்கிறது. லினக்ஸில் இரண்டு வகை ஏற்பாடு உண்டு. பழைய "எம்.டி." முறையில் மூன்று டிஸ்க்கை ரெய்டு 1 என்று கட்டினால் மூன்று பிரதி. இரண்டு செத்தாலும் பிழைக்கலாம். "பி.டி.ஆர்.எப்.எஸ்." என்ற புதிய முறையில் அதே மூன்று டிஸ்க், அதே ரெய்டு 1. ஆனால் பிரதி இரண்டுதான். ஒன்று செத்தால் மட்டுமே பிழைக்கலாம். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. மூன்று பிரதி வேண்டும் என்பவர்களுக்கு 2020-ல்தான் தனிப் பெயர் வைத்தார்கள்.

நல்ல பெயரும் இல்லாமல் இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி "இசட்.எப்.எஸ்." என்ற முறையை 2005-ல் வெளியிட்டது. அதில் ரெய்டு இசட் 1, 2, 3 என்று மூன்று வகை இன்று உண்டு. 1 என்றால் ஒன்று போனால் தாங்கும். 2 என்றால் இரண்டு. 3 என்றால் மூன்று. சொன்ன எண்ணே வாக்குறுதி!

வெள்ளைத் தாள்

இனி ஸ்டெப்னிக்கு வருவோம்.

காரில், லாரியில் மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோம். அது ஒரு தெருவின் பெயர். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாடு. அங்கே லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ம் ஆண்டு வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயர் கப்பலேறி வந்து தமிழ்நாட்டு டிரைவர்களின் வாயில் குடியேறிவிட்டது.

டிஸ்க் கூட்டத்துக்கும் ஸ்டெப்னி உண்டு. ஒரு டிஸ்க்கை மாட்டி, சும்மா வைத்திருப்பார்கள். வேறொன்று செத்தால் மென்பொருள் தானாகவே இதைச் சேர்த்துக்கொள்ளும். நடு ராத்திரியில்கூட ஆள் வர வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "ஸ்டெப்னி போட்டிருக்கிறது, பயமில்லை" என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

இங்கேதான் சிறு கடைக்காரர் ஏமாந்துபோகிறார்.

லாரி ஸ்டெப்னியில் காற்று இருக்கிறது. கழற்றி மாட்டினால் வண்டி கிளம்பும். கால் மணி, அரை மணி வேலை. டிஸ்க் ஸ்டெப்னியிலோ ஒன்றும் இல்லை. அது வெள்ளைத் தாள்! மற்ற டிஸ்க்குகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, கணக்குப் போட்டு, அதில் எழுத வேண்டும். இன்று 20 டெராபைட் டிஸ்க் சாதாரணமாகக் கிடைக்கிறது. வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் ஒரு லட்சம் வினாடி ஆகும். அதாவது ஏறக்குறைய 28 மணி நேரம். கடை வேலையும் நடுவில் நடந்தால் இன்னும் கூடும்.

அந்த 28 மணி நேரமும் காவல் இல்லை. எல்லா டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. ஒரே வயசு. ஒன்று கிழமாகிவிட்டது என்றால் மற்றவை குமரியா? அவற்றைத்தான் இப்போது ராப்பகலாக ஓடவிடுகிறோம். இன்னொன்று விழுந்தால் மயிலும் போயிற்று, மாங்காயும் போயிற்று.

கடையில் ஐந்து டிஸ்க் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றில் தகவல், நான்காவதில் மொத்தம். ஐந்தாவதை என்ன செய்வது? வெள்ளைத் தாளாக வைக்கலாம். அல்லது இரண்டாம் கணக்கை, அந்த 41-ஐ, அதில் எழுதி வைக்கலாம். இரண்டுக்கும் செலவு ஒன்று. கிடைக்கும் இடமும் ஒன்று. வெள்ளைத் தாளாக வைத்தால், ஒன்று போன பிறகு 28 மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். கணக்கை எழுதி வைத்தால், ஒன்று போன அந்த நிமிஷமே இன்னொன்று போனாலும் தாங்கும்.

ஐந்து டிஸ்க் வைத்திருப்பவர் ஒன்றைச் சும்மா உட்கார வைப்பது வீண். வேலை கொடுக்க வேண்டும். சும்மா இருக்கும் டிஸ்க் தேயாது என்பார்கள். இரண்டு கணக்கு எழுதினால் வேகம் குறையும் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் டிசைன் கடையில் வேகம் அரை வினாடி குறைந்தால் யாருக்கு நஷ்டம்?

ஸ்டெப்னி தேவைப்படும் இடமும் உண்டு. நூறு டிஸ்க் ஓடும் பெரிய நிலையம். பத்துப் பத்தாக வகுத்து, ஒவ்வொரு வகுப்பும் இரண்டைத் தாங்கும்படி கட்டிவிட்டு, எல்லா வகுப்புக்கும் பொதுவாக இரண்டு ஸ்டெப்னி வைத்தால் அது புத்திசாலித்தனம். அங்கேயும் இப்போது புது யோசனை வந்திருக்கிறது. "ஓப்பன் இசட்.எப்.எஸ்."-ல் 2021-ல் சேர்ந்த "டி-ரெய்டு" என்ற ஏற்பாடு, ஸ்டெப்னியைத் தனி டிஸ்க்காக வைப்பதில்லை. எல்லா டிஸ்க்கிலும் கொஞ்சம் கொஞ்சம் காலியிடம் விட்டு வைக்கிறது. ஒன்று செத்தால் ஒரே டிஸ்க் எல்லாவற்றையும் எழுதி மாள வேண்டியதில்லை. எல்லாமாகப் பங்கு போட்டு எழுதுகின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் வேலை சீக்கிரம் முடிகிறது. அதன் பெயரிலேயே எத்தனை போனால் தாங்கும், எத்தனை டிஸ்க், எத்தனை ஸ்டெப்னி என்று எழுதிவிடுகிறார்கள்.

சுமைதாங்கி

தமிழில் இதற்கு ஒரு பெயர் வைத்தால் என்ன?

சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமைக்காரர் இறக்கி வைத்து இளைப்பாறக் கட்டியது. எதைத் தாங்குகிறது என்று அந்தப் பெயரே சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்.

அதுபோல் ஒரு டிஸ்க் போனால் தாங்குவதை "ஒருதாங்கி" என்று சொல்லலாம். இரண்டைத் தாங்குவது "இருதாங்கி". மூன்றைத் தாங்குவது "முத்தாங்கி". (பெருமாளுக்குச் சாத்தும் முத்தங்கி வேறு!) ரெய்டு 0-வுக்கு "தாங்காதது" என்றே பெயர் எழுதி ஒட்டலாம். "இருதாங்கி, ஐந்து டிஸ்க், ஸ்டெப்னி இல்லை" என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தால், கடைப் பையனுக்கும் தெரியும், கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். வெளியூரிலிருந்து ரிப்பேருக்கு வருகிறவருக்கும் தெரியும்.

கூட்டுறவுச் சங்கமோ, பள்ளிக்கூடமோ, ஸ்டுடியோவோ டிஸ்க் பெட்டி வாங்கினால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. "எத்தனை போனால் தாங்கும்?" விற்பவர் ஒரே எண்ணில் பதில் சொல்ல வேண்டும். எண் சொல்லாமல் ரெய்டு, கியிடு என்று இழுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

இன்னொன்றும் கேட்கலாம். காவல் காப்பது தனி எந்திர அட்டையா, மென்பொருளா? தனி அட்டையானால், அது கெட்டுப்போனால் அதே மாதிரி அட்டையைத் தேடி அலைய வேண்டும். மென்பொருள் ஏற்பாடானால், டிஸ்க்குகளைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, அதே மென்பொருளைப் போட்டுப் படிக்கலாம். லினக்ஸில் அது இலவசமாகவே கிடைக்கிறது. சிறு கடைக்கு மென்பொருளே மேல்.

ஜக்கார்டு அட்டை கிழிந்தால் உடனே சேலை காட்டிக் கொடுத்துவிடும். மயிலுக்குக் கழுத்து இருக்காது. டிஸ்க்கில் எழுத்து அழிந்தால் யாருக்கும் தெரியாது. அந்தக் கோப்பைத் திறக்கும் வரை மூடு மந்திரம்தான். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும்படி மென்பொருளிடம் சொல்லி வைக்கலாம். பலர் சொல்வதில்லை.

நெருப்புக்கு எண்ணத் தெரியாது

முத்தாங்கியே கட்டினாலும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. எல்லா டிஸ்க்கும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. பெட்டி ஒரே அறையில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 26-ந் தேதி தென் கொரியாவில் தேஜான் நகரில் அரசாங்கத் தகவல் நிலையம் தீப்பிடித்தது. பேட்டரியிலிருந்து கிளம்பிய தீ. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேர்த்து வைத்த "ஜி டிரைவ்" சாம்பலானது. 858 டெராபைட் தகவல்! வெளியூரில் மறு பிரதி இல்லை. உலகத்துக்கே டிஸ்க்குக்கு உள்ளே போகும் சில்லு செய்து கொடுக்கும் நாட்டில் இது நடந்தது.

கை தவறி அழிப்பதையும் தாங்கி தாங்காது. டிசைனை ஒருவர் அழித்துவிட்டால், எல்லாப் பிரதியிலும் ஒரே நொடியில் அழியும். உத்தரவு போட்டால் கீழ்ப்படிவதுதான் அதன் வேலை. 2017 ஜனவரி 31-ந் தேதி கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான கம்ப்யூட்டரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். மீட்பதற்கு என்று ஏற்பாடு செய்து வைத்தவற்றைப் பார்த்தார்கள். பல ஏற்பாடுகள் வேலையே செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்திய பிரதி ஒன்று தற்செயலாக இருந்ததால் மானம் தப்பியது.

பழைய ஏட்டுச் சுவடிகள் எப்படிப் பிழைத்தன? உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்கு ஒரே ஏட்டை நம்பவில்லை. பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு வீட்டு ஏட்டில் செல் அரித்த வரி இன்னொரு வீட்டு ஏட்டில் இருக்கும். வேறு வேறு வீடு, வேறு வேறு ஊர் என்பதுதான் காவல்.

ஆரணிக் கடைக்காரர் அதையே செய்யலாம். தாங்கி கடையில் இருக்கட்டும். தனி டிஸ்க் ஒன்றில் வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் பிரதி எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, வேறு தெருவில் உள்ள வீட்டு அலமாரியில் வைக்கட்டும். வேலூரில் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் நல்லது. பண்டிகைக்குப் போகும்போது ஒன்றைக் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கி வரலாம்.

பெட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்று வரி வேண்டும். எத்தனை போனால் தாங்கும். கடைசியாகச் சரிபார்த்த தேதி. வெளியே உள்ள பிரதி யார் வீட்டில். மூன்றாவது வரி காலியாக இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் நேரம் அதற்குப் போதும்.